ஐந்தாவது மரத்தில் கிழிந்த பட்டை

"செத்தவங்க யாரும் இல்ல. காணாமப் போனவங்க யாரும் இல்ல. அஞ்சு கிளை. வெறும் அஞ்சே அஞ்சு கிளை! இதுக்குப் போய் நாம வரணுமா மேடம்? அடுத்து, 'பல்லு விழுந்துடுச்சு, கண்டுபிடிச்சுக் குடுங்க'ன்னு ஒருத்தர் வந்து நிப்பாரு."

ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள்ளேயே பட்டாசு வெடிக்க ஆரம்பித்துவிட்டான். பின்சீட்டிலிருந்து இறங்கிய தராசு, ஹெல்மெட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். அதுதான் அவள் பதில்.

எதையும் இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டாள் என்பதால் துப்பறியும் வட்டாரத்தில் அவளுக்குத் தராசு என்று பெயர். வாயைத் திறந்த பிறகுதான் யோசிப்பான் என்பதால் அவளுடைய உதவியாளனுக்குப் பட்டாசு.

குடியிருப்பின் கேட்டுக்கு உள்ளே ஏணிக்காரர் காத்துக்கொண்டிருந்தார். இந்தக் குடியிருப்பின் மரங்களையும் புல்வெளியையும் பராமரிக்கும் குழுவில் ஏணி போட்டு மேலே ஏறுகிறவர் அவர் ஒருவர்தான். நேற்று தராசின் அலுவலகத்துக்கு வந்தவர், உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். சங்கத்தின் அனுமதியில்லாமல் இங்கே ஒரு கிளையைக்கூடத் தொடக்கூடாது என்பது விதி. ஆனால் நடைபாதை ஓரமாக நிற்கும் ஐந்து தூங்குமூஞ்சி மரங்களில், மரத்துக்கு ஒன்றாக, பெரிய கிளைகளை யாரோ அறுத்திருக்கிறார்கள். போன வாரம்தான் அது சங்கத்தின் கண்ணில் பட்டது; பழி அவர்மேல் விழுந்துவிட்டது. இன்று சாயங்காலம் சங்கக் கூட்டம். அதில் அவரை வேலையை விட்டு நீக்கி, போலீசிலும் புகார் கொடுக்கப் போகிறார்கள்.

"வேலை போனாக்கூட வேற இடம் தேடிக்கலாம்ங்க. போலீஸ் கேசுன்னு ஆயிடுச்சுன்னா, எந்தக் குடியிருப்புக் கேட்டும் எனக்குத் திறக்காது. மரம் ஏறுறதைத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாது" என்று நேற்றுச் சொன்னதையே இன்றும் சொன்னார்.

அதற்குள் சங்கத்தின் செயலாளர் வேகவேகமாக வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட முகம்.

"இதுல துப்பறிய என்னம்மா இருக்கு? ஏணி இவர்கிட்ட. ரம்பம் இவர்கிட்ட. வேற யாரு வெட்டியிருப்பா, அணிலா?"

"அணில் இருக்காது சார். அதுங்க சங்கத்து அனுமதி இல்லாம எதையும் தொடாது" என்றான் பட்டாசு.

செயலாளர் அவனைக் கண்டுகொள்ளவில்லை. "எதுக்கு வெட்டினார்னும் எனக்குத் தெரியும். கடைசி மரத்துக்கு நேர் எதிர்ல, சி பிளாக் மூணாவது மாடியில ஒரு அம்மா தனியா இருக்காங்க. வெளிச்சம் வேணும்னு இவர்கிட்டச் சொல்லியிருப்பாங்க. போய்க் கேட்டேன். கதவைப் பாதி திறந்து, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லி முழுசா மூடிட்டாங்க."

"அவங்க யார்கூடவும் பேச மாட்டாங்க" என்றார் ஏணிக்காரர். "பால்கனியில உக்காந்திருப்பாங்க. அவ்வளவுதான்."

"மரத்தைப் பாக்கலாமா?" என்றாள் தராசு. அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

முதல் மரம் குடியிருப்பின் பின்புற மூலையில், கருவிகள் வைக்கும் கொட்டகையை ஒட்டி நின்றது. ஐந்தாவது மரம் சி பிளாக்கை ஒட்டி. நடுவில் மூன்று. நேர்கோட்டில் நட்டவை. மேலே குடைகள் ஒன்றோடொன்று கலந்து, நடைபாதை முழுவதும் பச்சை நிழல். அந்த நேரத்தில் நடைபாதையில் ஒருவருமில்லை. இத்தனை பேர் குடியிருக்கும் இடத்தில் இவ்வளவு அமைதி எங்கிருந்து வருகிறது என்று தராசுக்குத் தோன்றியது.

முதல் மரத்தின் வெட்டு எட்டிப் பார்க்கும் உயரத்தில்தான் இருந்தது. தராசு ஒரு கல்மேல் ஏறி அதை விரலால் தடவினாள்.

பெரிய கிளையை அறுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கிளை தண்டோடு சேரும் இடத்தில், சட்டைக் காலர் மாதிரி ஒரு சின்னத் தடிப்பு இருக்கும். மரவேலை செய்கிறவர்கள் அதைக் கழுத்து என்பார்கள். கழுத்துக்கு வெளியேதான் அறுக்க வேண்டும். அதையும் ஒரே மூச்சில் அறுக்கக்கூடாது. முதலில் கழுத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, அடிப்பக்கமாகப் பாதி ஆழத்துக்கு ஓர் அறுப்பு. அடுத்தது அதற்கும் சற்றுத் தள்ளி, மேலிருந்து. இப்போது கிளை விழும்போது பட்டை உரிந்துகொண்டு வந்தாலும், அடி அறுப்பைத் தாண்டி உரியாது. கடைசியில், மிச்சமிருக்கும் கட்டையைக் கழுத்தை ஒட்டி எடுப்பது மூன்றாவது. அடி அறுப்பு இல்லாமல் மேலிருந்து மட்டும் அறுத்தால், பாதி அறுபடும்போதே கிளை தன் கனத்தில் ஒடிந்து, வாழைப்பழத் தோல் மாதிரி பட்டையை உரித்துக்கொண்டே இறங்கும்.

முதல் மரத்தில் இருந்தது, அறிந்த கையின் வேலை. வட்டமான, சுத்தமான வெட்டு. அதைச் சுற்றி விளிம்பிலிருந்து புதுப் பட்டை, உதடு குவிவது போல உள்நோக்கித் திரண்டு வந்திருந்தது. நடுவில் ஒரு பொத்தான் அளவுக்குத்தான் பழைய வெட்டு தெரிந்தது.

"மரத்துக்குக் காயம் ஆறுறதில்ல, மூடிக்கும்" என்றாள் தராசு. "ஓரத்துலேருந்து இந்த வளையம் கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்து நடுவை மூடும். வளையம் தடியா இருந்தா வெட்டு பழசு. மெல்லிசா இருந்தா புதுசு. இவ்வளவு பெரிய வெட்டு இந்த அளவுக்கு மூடணும்னா ரெண்டு மழைக்காலமாவது தாண்டியிருக்கணும். நீங்க எப்போ இங்க வேலைக்குச் சேர்ந்தீங்க?"

"போன மழை முடிஞ்சப்புறம்தாங்க" என்றார் ஏணிக்காரர்.

"கேஸ் முடிஞ்சுது!" பட்டாசு கைதட்டினான். "இவர் வர்றதுக்கு முன்னாடியே வெட்டு வந்தாச்சு. மேடம், சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போயிடலாம்."

செயலாளர் தலையை ஆட்டினார். "தம்பி, மரத்துல தடிப்பு இருக்கு, அதனால இவர் நல்லவர்னு நான் கூட்டத்துல சொன்னா, சிரிச்சே என்னை அனுப்பிடுவாங்க. இவர் இல்லேன்னா வேற யாரு? ஆளைக் காட்டுங்க. சாயங்காலம் வரைக்கும் நேரம்." வந்த வேகத்திலேயே போய்விட்டார்.

இரண்டாவது மரத்தின் வளையம் முதலாவதைவிட மெலிதாக இருந்தது. மூன்றாவதில் இன்னும் மெலிது. நான்காவதில் நூல் கட்டியது போல ஒரு கோடு, அவ்வளவே. வெட்டுகளின் உயரம்தான் பட்டாசைக் குழப்பியது.

"முதல் மரத்துல கைக்கு எட்டுது. அடுத்ததுல ஏணி வேணும். அதுக்கடுத்ததுல பெரிய ஏணி வேணும். வெட்டினவன் வெட்ட வெட்ட வளர்ந்துகிட்டே போயிருக்கான் மேடம்."

"அந்தப் பெரிய ஏணியில ஏறு."

"நானா? எனக்குத் தலை சுத்தும்."

"சுத்தினா ரெண்டு பக்கமும் பாக்கலாம். ஏறு."

ஏணிக்காரர் மூன்றாவது மரத்தில் ஏணியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். பட்டாசு முனகிக்கொண்டே ஏறி, வெட்டுக்குப் பக்கத்தில் தலையை நீட்டினான். முனகல் நின்றது.

"மேடம்... இங்க ஒரு குழாய் இருக்கு."

"என்ன குழாய்?"

"இலைக்கு நடுவுல, குழாய் மாதிரி நீளமா ஒரு ஓட்டை. அந்தப் பக்கம் பார்த்தா ஒரே ஒரு பால்கனி தெரியுது. மூணாவது மாடி. நாற்காலி ஒண்ணு கிடக்கு. இந்தப் பக்கம் திரும்பினா, கொட்டகையை ஒட்டி ஒரு அறை. அதோட ஜன்னல். வேற எதுவுமே தெரியல. கீழேருந்து பார்த்தா இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது."

அவ்வளவுதான் விஷயம். ஐந்து மரங்களையும் தனித்தனியாகப் பார்த்தவர்களுக்கு ஐந்து திருட்டு வெட்டுகள். கோத்துப் பார்த்தால், தாழ்ந்த ஜன்னலிலிருந்து உயர்ந்த பால்கனிக்குச் சரிவாக இழுத்துக் கட்டிய ஒரு கயிறு. அந்தக் கயிறு போகும் வழியில் இருந்த கிளைகள் மட்டும் போயிருக்கின்றன.

பட்டாசு இறங்கி வந்தான். "அப்போ செயலாளர் சொன்னது சரிதானே? பால்கனி அம்மாவுக்காகத்தான் வெட்டியிருக்காங்க."

"நீ ஜன்னல்ல உக்காந்திருக்கே. எதிர்ல வரிசையா மரம். எந்தக் கிளை முதல்ல உன் கண்ணை மறைக்கும்?"

"பக்கத்துல இருக்கறது."

"அதை வெட்டினப்புறம்?"

"அடுத்தது... அதை வெட்டினா அதுக்கடுத்தது." பட்டாசின் கண் அகலமாகியது. "பாக்கற ஆளுக்குப் பக்கத்துல இருக்கிற வெட்டுதான் பழசா இருக்கும்! பழசு கொட்டகைப் பக்கம்தான் இருக்கு!"

ஏணிக்காரர் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அந்த அறையில யாரு தங்கியிருக்காங்க?" என்று தராசு கேட்டாள்.

"மேஸ்திரி அம்மா. எங்க குழுவுக்கே அவங்கதான் தலைமை. ஆனா அவங்க செய்ய மாட்டாங்கம்மா. ஒரு கொப்பு ஒடிஞ்சாக்கூட எங்களை அன்னைக்குப் பூரா வைவாங்க. அவங்களைக் காட்டிக் குடுத்துத்தான் நான் தப்பிக்கணும்னா, வேண்டாம், விட்டுடுங்க."

"அவங்க சி பிளாக் பக்கம் வர்றதுண்டா?"

அவர் யோசித்தார். "கடைசி மரத்துக்கிட்ட மட்டும் வரவே மாட்டாங்க. அங்க வேலைன்னா என்னைத்தான் அனுப்புவாங்க. ஏன்னு கேட்டதில்ல."

ஐந்தாவது மரத்தில் தராசு தானே ஏறினாள். கிளை பால்கனிக் கம்பியை ஒட்டி நீண்டு போயிருந்திருக்கிறது. இப்போது கம்பியிலிருந்து கையெட்டும் தூரத்தில் ஒரு மொட்டைக் கட்டை. அதன் அடியிலிருந்து ஒரு முழ நீளத்துக்குப் பட்டை உரிந்து தொங்கியது. வெட்டு முகத்தில் ரம்பத்தின் அகலமான தடம் இல்லை. நெருக்கமான சின்னப் பல் பதிந்த கீறல்கள். தொடங்கி, வழுக்கி, மறுபடி தொடங்கி, எத்தனையோ முறை. வளையமே இல்லை, மரச்சதை இன்னும் வெள்ளையாக இருந்தது.

ஏணியில் நின்றபடியே பால்கனியைப் பார்த்தாள். நாற்காலி சாலைப் பக்கம் திரும்பியிருக்கவில்லை. பூங்காவைப் பார்க்கவும் இல்லை. அது திரும்பியிருந்த திசையில் இலைகளுக்கு நடுவே அந்தக் குழாய்தான் இருந்தது. தனியாக இருக்கிறவர்கள் நாற்காலியைச் சும்மா திருப்பிப் போடுவதில்லை என்பது தராசுக்குத் தெரியும். அவள் வீட்டில் இருப்பதே ஒரு நாற்காலிதான். எதிர்வீட்டில் துணி காயப்போடுகிறவர்கள் தெரியும்படி அதைப் போட்டிருந்தாள்.

கீழே இறங்கினாள். ஏணிக்காரரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கொட்டகையை நோக்கி நடந்தாள்.

அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஜன்னலோரம் ஒரு முக்காலி. மேஸ்திரி அம்மா ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் காய்ந்த முகம், காய்த்துப்போன கைகள்.

"ஜன்னல் நல்லாயிருக்கு" என்றாள் தராசு.

மேஸ்திரி அம்மாவின் கை நின்றது. மறைக்கிற முயற்சி எதுவும் அந்த முகத்தில் இல்லை. களைப்புதான் இருந்தது. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"வெட்டு சுத்தமா இருந்துச்சு. கழுத்தைப் பார்த்து, அடி அறுப்புப் போட்டு வெட்டியிருந்தது. திருட்டுத்தனமா வெட்டும்போதுகூட மரத்துக்கு வலிக்கக் கூடாதுன்னு நெனச்ச ஆளு."

"ஆளுங்க வராத லீவு நாள்ல வெட்டினேன். அது யாருன்னு தெரியுமா உங்களுக்கு? அந்த பால்கனியில?"

"சொல்லுங்க."

"என் தங்கச்சி." ரம்பத்தைத் தரையில் வைத்தார். "அம்மாவுக்கு முடியாமப் போனப்ப, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்னு அவ சொன்னா. அம்மா, வீட்டுலயே இருக்கேன்னு சொன்னாங்க, நான் அம்மா பேச்சைக் கேட்டேன். அம்மா போனதும், நீதான் கொன்னேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னா. நானும் சும்மா இல்ல. சொல்லக்கூடாததெல்லாம் சொன்னேன். அதோட சரி. இங்க வேலைக்கு வந்தப்புறம்தான் அவ இங்க குடியிருக்கான்னே தெரியும்."

"போய்க் கதவைத் தட்டியிருக்கலாமே அம்மா?" என்றான் பட்டாசு, கிண்டலே இல்லாமல்.

"திறக்கலேன்னா? இப்பவாவது அவ துணி உலர்த்துறதைப் பாக்கறேன், டீ குடிக்கறதைப் பாக்கறேன். தட்டி, அவ திறக்காமப் போயிட்டா, இந்த ஜன்னல்கிட்டயும் நான் உக்கார முடியாது தம்பி. அனுமதி கேட்டு வெட்டலாம்தான். என்ன காரணம்னு சொல்லட்டும்? மரத்துக்கு நோயா? நோய் எனக்கு."

தராசு அவரை நேராகப் பார்த்தாள். "உங்க ஆளு ஒருத்தர் வெளிய நிக்கறார். சாயங்காலம் அவர் தலை போகப் போகுது. நீங்கதான்னு தெரிஞ்சப்புறமும், உங்களைக் காட்டிக் குடுக்க வேண்டாம்னு சொல்றார்."

மேஸ்திரி அம்மா எண்ணெய்க் குப்பியை மூடினார். "வேற இடத்துல அவனுக்கு வேலை வாங்கிக் குடுத்துடலாம்னு நெனச்சேன். போலீஸ்னு நெனக்கல. நெனச்சேன்... நெனக்காத மாதிரி இருந்தேன்." எழுந்து ஜன்னலைச் சாத்தினார். "கூட்டத்துல சொல்லிடறேன். நாலு மரத்தையும் வெட்டினது நான்தான்னு."

"அஞ்சு மரம்" என்றான் பட்டாசு.

"நாலுதான் தம்பி. அஞ்சாவது கிளை போன மாசக் காத்துல ஒடிஞ்சது. அதுக்கப்புறம்தான் முழுசாத் தெரிய ஆரம்பிச்சா."

"காத்து இல்ல" என்றாள் தராசு. "நீங்க அந்த மரத்துக்கிட்டப் போய்ப் பார்க்கவே இல்லையே. அது மேலேருந்து மட்டும் அறுத்த வெட்டு. பட்டை கிழிஞ்சு தொங்குது. மொட்டைக் கட்டையை அப்படியே விட்டிருக்காங்க. மரவேலை தெரிஞ்ச யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க. பல்லு வெச்ச ரொட்டிக் கத்தியால, பால்கனிக்குள்ள நின்னுகிட்டு, ரொம்ப நேரம் கஷ்டப்பட்டு அறுத்திருக்காங்க."

மேஸ்திரி அம்மாவுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. சாத்திய ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க இந்தப் பக்கத்துலேருந்து நாலைத் திறந்தீங்க. மிச்சம் இருந்தது ஒண்ணு. அதை அவங்க திறந்தாங்க. அந்த நாற்காலி இந்த ஜன்னலைத்தான் பார்த்துக் கிடக்கு."

சாயங்காலம் கூட்டம், நீளமான அறை, வரிசை வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள். செயலாளர் ஏணிக்காரரின் பெயரைச் சொல்வதற்கு முன்பே மேஸ்திரி அம்மா முன்வரிசையில் எழுந்தார்.

"வெட்டினது நான். இவருக்கு ஒண்ணும் தெரியாது. கொட்டகை மரத்துலேருந்து நாலாவது மரம் வரைக்கும்."

"அஞ்சு கிளைம்மா. கணக்கைச் சரியாச் சொல்லுங்க."

"அஞ்சாவதையும் என் பேர்லயே எழுதிக்குங்க."

"அப்படின்னா என்ன அர்த்தம்? அதை யாரு..."

பின்வரிசையில் ஒரு நாற்காலி தரையில் உராய்ந்தது. கூட்டத்துக்கு இதுவரை வந்தே இராத ஒருத்தி எழுந்து நின்றாள். நரைத்த தலை, அதே தாடை, அதே நெற்றி.

"அதை வெட்டினது நான். ரொட்டிக் கத்தியால."

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்கள். செயலாளர் பேனாவைத் திறந்தார், மூடினார். முடிவில், ஏணிக்காரர்மேல் இருந்த புகார் நீங்கியது. அவர் வேலையில் தொடரலாம். மேஸ்திரி அம்மா விதியை மீறியதால் வேலையிலிருந்து நீக்கம், அறையை இன்றே காலி செய்ய வேண்டும். மூன்றாவது மாடிக்கு ஓர் எச்சரிக்கை.

அறை காலியானது. வாசலில் தராசும் பட்டாசும் மட்டும் நின்றார்கள். உள்ளே முன்வரிசையில் அக்கா, பின்வரிசையில் தங்கை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஏணிக்காரர் நடுவிலிருந்த நாற்காலிகளை ஒவ்வொரு வரிசையாக எடுத்துச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையும் போனதும், வெறும் தரையின் இரு முனைகளில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"உள்ள போய் ஏதாவது சொல்லலாமா மேடம்?" என்று பட்டாசு கிசுகிசுத்தான்.

"வண்டியை எடு."

அவர்கள் திரும்பியபோது உள்ளே குரல் கேட்டது. பழக்கம் விட்டுப்போன குரல்.

"இன்னைக்கு எங்க தங்குவே?"

"தெரியல."

தராசு படியிறங்கவில்லை.

"லிஃப்ட் ஓடல" என்றாள் தங்கை, தரையைப் பார்த்து. "மூணு மாடி ஏறணும்."

அக்கா குனிந்து, நாற்காலிக்கு அடியில் கழற்றி வைத்திருந்த செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.